இத்தோவின் பங்கு

பானி மலைத்தொடரைப் படம் எடுக்க வருகிறவர்கள்
அழகு அழகு என்று மாய்ந்துபோவார்கள்.
நான் துளையிடும் லாரி ஓட்டுகிறவன்.
எனக்கு அது பதினோரு கொண்டை ஊசி,
இரண்டு பஞ்சர்,
மூன்றாம் கியரில் முனகும் ஓர் ஏற்றம்.

ஸகோராவுக்குக் கிழக்கே
மலையை ஆறு அறுத்துப்போன இடங்களுக்கு
வாய் என்று பெயர்.
இப்போது ஆறு இல்லை.
வாய் மட்டும் திறந்தபடி.

அப்படியொரு வாயின் உள்ளே
பாஸ்ஸுவும் மோஹாவும் தங்கை இத்தோவும்
தகப்பன் நிலத்தைப் பிரித்திருந்தார்கள்.
அண்ணன்மாருக்கு அடிவாரச் சமவெளி,
நாற்பத்தாறு பேரீச்சை, பாதி பட்டுப்போனது.
இத்தோவுக்கு,
செம்பாறையும் கரும்பாறையும் திடீரென முட்டி நிற்கும்
கோட்டுக்கு அப்பால்
ஆடும் காலை நொடிக்கும் கரடு.
"பெண்ணுக்குப் பாதி. அதுதானே முறை?" என்றான் மோஹா,
"பாதிக்குக் கொஞ்சம் மேலேயே கொடுத்திருக்கிறோம்.
அளந்து பாருங்கள்."
அளந்தால் சரிதான்.

பொறியாளர் கல்தூம் மூன்று நாள் நடந்தாள்.
கல்லை உடைத்தாள், நக்கினாள்,
சாய்வைக் கருவியில் பார்த்துக் குறித்தாள்.
பின்னால் திரிந்த பிள்ளைகளும் நக்கினார்கள்.
மலை எப்படி மடியும் என்று கேட்டான் ஒரு பொடியன்.

தேநீர்த் தட்டில் நாலு ரொட்டியை அடுக்கி
இரு பக்கமும் உள்ளங்கையால் நெருக்கினாள்.
நடு எழுந்தது. ஓரம் குழிந்தது.
"இது நடந்து முப்பது கோடி வருஷம்," என்றாள்.
எழுந்த முதுகில் மேல்ரொட்டி வெடித்தது.
வெடித்த இடத்தில்தானே விரல் நுழையும்,
பிள்ளைகள் அங்கிருந்தே பிய்க்கத் தொடங்கினார்கள்.
"பியுங்கள். மழையும் காற்றும் நீங்கள்தான்."
கொஞ்ச நேரத்தில்
மேடு இருந்த இடம் பள்ளம்.
குழிந்து நெருங்கி இறுகிக் கிடந்த ஓரம் மட்டும்
தட்டில் மலையாய் நின்றது.

பாஸ்ஸு சிரிக்கவில்லை.
தன் சமவெளி ஒரு காலத்தில் சிகரம் என்று
அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

முதல் துளை அண்ணன்மார் நிலத்தில்,
முன்பணம் கட்டியவர்கள் அவர்கள்தான்.
அறுபது மீட்டர், களிப்பாறைத் தூள்.
நூறு, களிப்பாறைத் தூள்.
நூற்று நாற்பதில்
கல்லாகிப்போன ஏதோ கடல்பூச்சியின் வால் துண்டு.
கடல் இருந்ததற்குச் சாட்சி.
தண்ணீர் இல்லை.

லாரியைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகச் சொன்னாள் கல்தூம்.
டீசல் காசு யார் தருவது என்று கேட்டேன்.
இத்தோ இரண்டு வளையலைக் கழற்றி
ஸ்டியரிங் மேல் வைத்தாள்.
வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
ஒன்றை வாங்கினேன்.

நிலம் இரண்டாய் அறுந்து வழுகியபோது
பாறையும் பாறையும் உரசி அரைந்த மாவு
அந்தப் பிளவு நெடுகச் சுவராய் இறுகியிருக்கிறது,
மேலிருந்து கசியும் நீர் அதில் முட்டி நிற்கும்:
இது கல்தூமின் கணக்கு.
என் கணக்கில், முப்பத்தெட்டாவது மீட்டரில்
குழாய் இருமியது.
பிறகு சேறு.
பிறகு, உப்பில்லாத தண்ணீர்.

மாலையில் மோஹா கேனோடு வந்து
பிளவின் அந்தப் பக்கமே நின்றான்.
இத்தோ ரப்பர் குழாயின் முனையை எடுத்து
கோட்டைத் தாண்டி எறிந்தாள்.
பிடியை ஒரு பாதி திருகினாள்.
"பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வரும்,
அளந்து பார்."

அன்றிரவு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன்.
பகல் சூடு இறங்க இறங்கப் பாறை வெடிக்கும்,
யாரோ விரல் சொடுக்குகிற மாதிரி.
ஒரு சில்லு கழன்று சரிவில் உருண்டு
எங்கோ நின்றது.
மறுபடி ஒன்று.
சட்டைப்பையில் வளையல் நெஞ்சை அழுத்தியது.
காலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில்
டீசல் முள் சிவப்பில் இருந்தது.